அரைக் கிலோவுக்குள்

அத்தியாயம் 9

வெள்ளி, ஜூலை 11.

இன்று செய்த தவறு: லேசான பாக்கெட் இரண்டைக் கடைக்குப் போகும் தட்டில் போட்டுவிட்டேன். சாப்பிடும்போது நினைவு வந்தது. பாதியில் எழுந்து கை கழுவிவிட்டுப் போய் மாற்றி வைத்தேன். சின்னத் தவறுதான். ஆனாலும் கவனமாக இருந்திருந்தால் வந்திருக்காது.

நாளை செய்ய வேண்டியது: கடைப் பாக்கெட்டுகளைப் பெரியண்ணாவிடம் கொடுக்க வேண்டும். பார்சல்களைக் கூரியரில் சேர்க்க வேண்டும்.

தவறு ஒன்று, மறுநாள் வேலை ஒன்று. தினமும் இவ்வளவு எழுதினால் போதும் என்று கனகவல்லி மேடம் சொல்லியிருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் மாலையில் நடக்கும் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ வகுப்பில் அதை உண்மையாகவே தினமும் எழுதியவள் ஜெரூஷா ஒருத்திதான். மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து, ஒரு வாரத் தவறுகளையும் ஒரே மூச்சில் கற்பனை செய்துகொள்வார்கள். ஜெரூஷாவுக்குக் கற்பனை வேண்டியதே இல்லை. செய்தது சரிதானா என்ற சந்தேகம் அவளுக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே தொடங்கிவிடும்.

அவளுக்குச் சந்தேகமே வராத வேலை ஒன்று இருந்தது. அது பாக்கெட் பிரிப்பது.

அசரியா ஸ்போர்ட்ஸ், குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. அப்பா அசரியா இருந்தவரை அங்கே மட்டையும் பந்தும் கேரம் போர்டும் விற்றார்கள். அவர் போன பிறகு மூத்தவன் ஆரோன் கவுன்டரில் உட்கார்ந்தான். கிரிக்கெட் கார்டு மோகம் வந்ததும் அதையும் வாங்கிப் போட்டான். பளபளக்கும் உறைக்குள் எட்டு கார்டுகள். எட்டும் வெறும் படமாக இருந்துவிடலாம். அதிர்ஷ்டம் இருந்தால், ஆட்டக்காரர் போட்டிருந்த ஜெர்சியின் துணித் துண்டைப் பதித்த தடித்த கார்டு ஒன்று உள்ளே இருக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை பேர் பாக்கெட் வாங்குகிறார்கள்.

இளையவன் ஸ்டெபின் அதே பாக்கெட்டுகளை ஃபோனில் விற்றான். லைவில் தோன்றி, வாங்குபவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்துவான். ஆர்டர் வந்தால் பெட்டி பெட்டியாகக் கூரியரில் அனுப்புவான். அண்ணன் தம்பி இருவருக்கும் சரக்கு ஒன்றுதான். அதை வீட்டில் வைத்துப் பிரித்துக் கொடுப்பவள் தங்கை ஜெரூஷா.

வகுப்பில் கற்றதை அவள் அங்கே பயன்படுத்தினாள். பார்சல் அரைக் கிலோவைத் தாண்டினால் கூரியர் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும். இருபது பாக்கெட் போட்டு அட்டைப் பெட்டியை ஒட்டினால் எடை அரைக் கிலோவின் விளிம்பில் வந்து நிற்கும். சில பாக்கெட்டுகள் மற்றவற்றைவிடக் கால் கிராம், அரை கிராம், அபூர்வமாக ஓரிரு கிராம்கூடக் கூடுதலாக இருப்பதை அவள் கவனித்தாள். உறையில் பசை அதிகமாக இருக்கும் என்று நினைத்தாள். சின்னத் தராசு ஒன்று வாங்கி, லேசானவற்றைப் பார்சலுக்கும் கனமானவற்றைக் கடைக்கும் ஒதுக்கினாள். அன்றிலிருந்து ஒரு பார்சல்கூட அரைக் கிலோவைத் தாண்டவில்லை.

அவள் கார்டு சேர்ப்பவள் அல்ல. இன்றுவரை ஒரு பாக்கெட்டைக்கூடக் கிழித்துப் பார்த்ததில்லை.

போன வாரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவன் ஸ்டெபினை நிறுத்தி, பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, பொளேரென்று ஓர் அறை விட்டுப் போனான். பின்னால் வந்த ஜெரூஷா அதைப் பார்த்துவிட்டாள். படியில் விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்ன ஸ்டெபின், அவள் கையை அழுத்திப் பிடித்து வாயை அடைத்தான். அடித்தவன் யார், ஏன் அடித்தான் என்பது இருவருக்குமே அன்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை தெரிந்தது.

* * *

இரண்டு பைகளோடு அவள் கடைப் படியேறியபோது உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.

கவுன்டர் ஓரத்தில் ஆரோன் ஒரு சைக்கிள் மணியைத் திருகி வைத்திருந்தான். கடையில் வாங்கினால் கடையிலேயே, எல்லார் கண் முன்னாலும் கிழிக்க வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். தடித்த கார்டு வந்துவிட்டால் மணியடிப்பான். எதிர்ப்பக்கம் டீ குடிப்பவர்கள்வரை திரும்பிப் பார்ப்பார்கள்.

"வந்துடுச்சுண்ணா! வந்தே வந்துடுச்சு!" கல்லூரிக்குப் போகிற வழியில் நுழைந்த தமிழினி, கார்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் குதித்தாள்.

ஆரோன் கிழிந்த உறையை வாங்கி, பழைய மிட்டாய் ஜாடிக்குள் போட்டான். ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. வழக்கம்போலத் தமிழினியைக் கார்டோடு படம் பிடித்துக் கடை ஸ்டேட்டஸில் ஏற்றி, அவளை அனுப்பிவைத்தான்.

"பாத்தியா ஜெரு? முந்தியெல்லாம் மாசத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு. இப்ப நாளைக்கு ரெண்டு தடவ மணியடிக்கறேன். கடைக்குன்னு ஒரு கைராசி இருக்கு. ஃபோன்ல அது வராது."

மூலையில் பார்சலுக்குப் பெட்டி மடித்துக்கொண்டிருந்த ஸ்டெபின் தலை நிமிரவில்லை. "கைராசியாம். உன் கடைக்கு வர்றது மொத்தமே இந்தக் குரோம்பேட்டை, பல்லாவரம் ஆளுங்க. எனக்கு நாகர்கோவில்லருந்து ஆர்டர் வருது."

"வருதுல்ல? அப்படியே போன வாரம் கன்னத்துக்கும் ஏதோ டெலிவரி வந்துச்சு போல. படியில விழுந்தவனுக்கு அஞ்சு விரலும் பதிஞ்சத நான் அன்னிக்குத்தான் பாத்தேன்."

ஸ்டெபின் பெட்டியை ஓங்கிக் குத்தி மடித்தான்.

"கேட்டுக்கோடா," ஆரோன் விடவில்லை. "கடையில வாங்கறவன் தன் கையால எடுக்கறான், தானே கிழிக்கறான். வரலன்னா தன் தலையில அடிச்சிக்கிட்டுப் போயிடறான். ஃபோன்ல வாங்கறவன் யார் தலையில அடிப்பான்? உன் தலையிலதான்."

"அண்ணா, போதும்," என்றாள் ஜெரூஷா.

வாசலில் ஒரு கார் நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் மடிப்புக் கலையாத சட்டையும் கண்ணாடியுமாக, பார்க்க பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தான். பின்னால் வந்தவன் கதவளவு அகலம். அவனைப் பார்த்ததும் ஜெரூஷா ஓர் அடி பின்னால் வைத்தாள். சானடோரியத்தில் அறைந்தவன் அவன்தான்.

"வணக்கம். நான் பிரசன்னா. நாவலூர்லருந்து வர்றேன்." கண்ணாடிக்காரன் ஆரோனிடம் மரியாதையாகத்தான் பேசினான். "இவன் எபி, என் ஃப்ரெண்டு. உங்க தம்பிக்கு எங்களத் தெரியும். லைவ்ல அவர்தான் அடிக்கடி எங்க பேரச் சொல்வாரு. 'பிரசன்னாண்ணா, இன்னிக்கு உங்களுக்குத் துணிக் கார்டு கன்ஃபார்ம்!' ரொம்ப நல்லா கத்துவீங்க ப்ரோ."

ஸ்டெபின் எழுந்து நின்றான். "வரலன்னா நான் என்னண்ணா பண்றது? மூடின பாக்கெட். உள்ள இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் கேக்க வந்தேன். எப்படித் தெரியும்?" பிரசன்னா கையிலிருந்த துணிப்பையைக் கவுன்டரில் கவிழ்த்தான். கிழிக்காத பாக்கெட்டுகள் சிதறி விழுந்தன. "இது நீங்க அனுப்பின கடைசி பார்சல். நான் கிழிக்கல. எங்க குரூப்புல நாப்பது பேர் இருக்கோம். ஒருத்தனுக்குக்கூட வரல. ஆனா அண்ணன் கடை ஸ்டேட்டஸ்ல தினம் மணியடிக்குது. எபி, எடு."

எபி சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு தராசு ஒன்றை எடுத்து வைத்தான். நகைக் கடையில் மூக்குத்தி நிறுப்பார்களே, அந்த மாதிரி. பார்சலில் வந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அதில் வைத்து எடுத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே எண் வந்தது. பிறகு ஜெரூஷாவின் பையில் கைவிட்டு, கடைக்கென்று அவள் கொண்டு வந்ததில் ஒன்றை உருவி வைத்தான். எண் ஏறியது. இன்னொன்றை வைத்தான். அதற்கும் ஏறியது.

"இன்னாபா," என்றான் எபி. "தராசே பேசுது. நீ பேச மாட்டேன்ற?"

பிரசன்னா கனமான பாக்கெட்டைக் கிழித்தான். எட்டு கார்டுகளுக்கு நடுவே நீலத் துணி தெரிந்தது. யாரும் மணியடிக்கவில்லை.

"துணிக் கார்டு தடி. தடியா இருந்தா கனம். கனமானத எடை போட்டு ஒதுக்கிட்டு, சக்கையப் பூரா எங்களுக்குப் பார்சல் பண்ணியிருக்கான்."

ஜெரூஷா தராசின் எண்ணையே பார்த்தாள். பசை இல்லை. உறை இல்லை. தடித்த கார்டு. இத்தனை வாரமாக அவள் கையாலேயே, ஒரு பாக்கெட் தவறாமல், சந்தேகமே இல்லாமல்.

ஆரோன் கவுன்டரைத் தாண்டிக் குதித்துத் தம்பிக்கு முன்னால் வந்து நின்றான். சுவரோரம் கட்டி வைத்திருந்த ஸ்டம்ப்புகளில் ஒன்றை உருவிக் கையில் பிடித்திருந்தான்.

"ஹலோ! என் தம்பி வாயாடி. சோம்பேறி. அதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா திருட மாட்டான். ஒவ்வொரு பாக்கெட்டா எடை போடற பொறுமையெல்லாம் இவனுக்குக் கிடையாது. வெளிய போங்க."

அண்ணனின் முதுகுக்குப் பின்னாலிருந்த ஸ்டெபினுக்கு அந்தக் கடைசி வார்த்தைகள்தான் பொறி தட்டின. எடை போடற பொறுமை. அவன் மெல்லத் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ஒளிப்பதற்கு அவள் முகத்தில் எதுவும் மிச்சமில்லை.

எபியின் இடது கையில் ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்தே படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அது வந்து…" ஜெரூஷா வாயைத் திறந்தாள். "நான்தான்…"

"ஆமா!" ஸ்டெபின் அவள் குரலை மறித்துக் கத்தினான். "நான்தான் எடை போட்டேன். இப்ப என்னாங்கற?"



முதல் அடி வந்தவர்களிடமிருந்து வரவில்லை.

ஆரோன் திரும்பினான். அவன் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "அப்பா பேர் போட்ட கடைடா," என்றான். ஸ்டம்ப் மேலே போனதை ஜெரூஷா பார்த்தாள். ஸ்டெபின் தலையைக் காக்க வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டில் விழுந்தது. முருங்கைக்காயை ஒடித்தது போல ஒரு சத்தம்.

ஸ்டெபின் கத்தவில்லை. தன் கை தப்பான திசையில் தொங்குவதை ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகுதான் அலறல் வந்தது.

அதற்காகவே காத்திருந்தவன் போல எபி பாய்ந்தான். சுவரில் மாட்டியிருந்த மட்டையை இழுத்து, ஒரே வீச்சில் கவுன்டர் கண்ணாடியை நொறுக்கினான். அடுத்த வீச்சு அலமாரிக்கு. பரிசுக் கோப்பைகள் சரிந்து உருண்டன. நடுவில் வந்த ஆரோனை முழங்கையால் நெஞ்சில் இடித்துத் தள்ளினான். ஆரோன் கண்ணாடித் துண்டுகள்மேல் மல்லாந்து விழுந்தான்.

கீழே குனிந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டெபினின் விலாவில் எபியின் செருப்புக் கால் இறங்கியது. ஒன்று. இன்னொன்று. மூன்றாவது உதையில் அவன் சுருண்டான்.

பிரசன்னா அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். மிட்டாய் ஜாடியை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தான். சிதறிய வெற்று உறைகளைக் கொத்தாக அள்ளி, ஸ்டெபினின் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினான்.

"எங்களுக்கு அனுப்பினதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. நீயே தின்னு."

உறைகளை வாயில் திணித்தான். கட்டைவிரலால் உள்ளே அழுத்தினான். ஸ்டெபினின் கண்கள் பிதுங்கின. உதடு கிழிந்து, பளபளப்புத் தாள் சிவப்பாகியது. மூச்சுக்கு அவன் கால்கள் தரையை உதைத்துக்கொண்டன.

ஜெரூஷா என்ன செய்தாள் என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. பார்சலுக்கு டேப் ஒட்டும் இரும்புக் கருவி அவள் பையில் இருந்தது. அதன் ரம்பப் பல்லால் அவள் பிரசன்னாவின் கையில் இழுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கோடு திறந்தது. அவன் "அம்மா!" என்று கையை உதறினான். அவள் மறுபடியும் வீசினாள். தடுக்க வந்த எபியின் காதோரம் பட்டது. எபி விட்ட அறையில் அவள் பெட்டிகள்மேல் போய் விழுந்தாள். விழுந்த வேகத்திலேயே எழுந்து, தம்பட்டம் போலத் துடிக்கும் தாடையோடு, கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டெபினுக்குக் குறுக்கே நின்றாள்.

"கிட்ட வந்தீங்க, முகத்த இழுத்துடுவேன்!"

அது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எதிரிலிருந்த ஆட்டோக்காரர் குப்புராஜ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். "யோவ், இன்னாயா பண்றீங்க! புள்ள மூச்சு வுடாம கீது! வுடுங்கடா டேய்! கொலக் கேஸாய்டும்!"

பிரசன்னா கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டான். ரத்தம் அதையும் மீறிச் சொட்டியது. அவன் குரல் மறுபடி மரியாதைக்கு வந்தது.

"நாளைக்குப் பதினோரு மணி. குரூப்புல இருக்கற நாப்பது பேரும் வருவோம். இன்னிக்குக் கவுன்டர் மட்டும்தான்."

இருவரும் காரை நோக்கித் திரும்பியதும் ஜெரூஷா மண்டியிட்டாள். ஸ்டெபினின் வாய்க்குள் விரலை விட்டு உறைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். கடைசி உறையோடு அவனுக்கு மூச்சும் வாந்தியும் சேர்ந்து வந்தன.

ஆரோன் எழுந்திருக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்டம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

"எப்படி ஆச்சு?" அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்.

"ஷட்டர் விழுந்துடுச்சு சார்," என்றான் ஸ்டெபின், வீங்கிய உதட்டால்.

பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்த அம்மா ஹில்டா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் பிடித்திருந்த சாக்பீஸ் தூள் அவள் விரலில் அப்படியே இருந்தது.

"போன வாரம் படி. இந்த வாரம் ஷட்டர். அடுத்த வாரம் என்ன, லாரியா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஆரோன் எங்க?"

"கடைய ஒதுங்க வெச்சிட்டு இருக்கான்மா," என்றாள் ஜெரூஷா.

"தம்பி கை ஒடஞ்சு கிடக்கான். அவனுக்குக் கடை?" அவள் மருந்துச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது ஜெரூஷாவுக்குத் தெரிந்தது.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. விலாவில் ஒன்று. கட்டுப் போட்டு, இன்று இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏன் சின்னண்ணா அப்படிச் சொன்ன?"

"ஃபோன் ஓடிட்டு இருந்துச்சுல்ல. நீ 'நான்தான்'னு முடிச்சிருந்தா, இந்நேரம் உன் மூஞ்சி ஊர் பூராச் சுத்தியிருக்கும். உன் கிளாஸ் வரைக்கும் போயிருக்கும்."

"நான் வேணும்னு செய்யல. அரைக் கிலோவுக்குள்ள இருக்கணும்னுதான்…"

"தெரியும்டி." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எல்லாப் பார்சலும் அரைக் கிலோவுக்குள்ளயே வருதேன்னு நானும் குஷியாத்தான் இருந்தேன். எப்படி வருதுன்னு ஒரு நாள் கேட்டேனா?"

"நான் போய்ச் சொல்லிடறேன். எல்லாரோட பணத்தையும்…"

"வாய மூடு. நீ அறுத்தது அவன் கைய. அவனுங்க நாப்பது பேரு. சொல்லவே சொல்லாத. என்மேல சத்தியம்."

அவள் சத்தியம் செய்யவில்லை. அவன் அதைக் கவனிப்பதற்குள் ஊசி மருந்து அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

* * *

மாலை வகுப்புக்குப் போகிற நேரத்தில் அவள் கடைக்குப் போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள்.

ஆரோன் கண்ணாடியைப் பெருக்கிக் குவித்திருந்தான். முதுகில் சட்டை ரத்தத்தோடு காய்ந்து ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கேட்டான்:

"கை சேருமா?"

"பிளேட் வைக்கணுமாம்ணா."

அவன் தலையாட்டினான். துடைப்பத்தைத் திரும்ப எடுத்தான்.

"அண்ணா, சின்னண்ணா எடை போடல. நான்தான் போட்டேன்."

"அவனக் காப்பாத்தறேன்னு பொய் சொல்லாத."

"பொய் இல்ல."

"அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், ஜெரு! நாலு பேர் முன்னாடி!"

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. எபி விட்டுப் போன தராசு குப்பையோடு கிடந்தது. தட்டித் துடைத்தாள். அது உயிரோடுதான் இருந்தது. உடைந்த கவுன்டரின் மரச் சட்டத்தில் வைத்து, காலையில் கொண்டு வந்த பையிலிருந்து பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். கை தானாக வேலை செய்தது. வை, பார், வலப்பக்கம். வை, பார், வலப்பக்கம். தினமும் வீட்டில் செய்கிற அதே வேகம், அதே ஒழுங்கு. ஆரோனின் துடைப்பம் நின்றுவிட்டது.

"கூரியர் அரைக் கிலோவத் தாண்டக் கூடாதுன்னு லேசானதப் பார்சலுக்குப் போட்டேன். கனமானது உன் கடைக்கு வந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுண்ணா. நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கிழிச்சுப் பாத்ததில்ல."

பெரிய எண் காட்டிய பாக்கெட்டை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் கிழித்தாள். எங்கே பிடித்துக் கிழிப்பது என்று தெரியாமல் கோணலாகக் கிழிந்தது. உள்ளே சிவப்புத் துணி.

ஆரோனின் கை, பழக்கத்தில், மணியை நோக்கிப் போனது. போகும் வழியிலேயே நின்றது.

"அப்ப இந்த மணி…"

அவள் கார்டைக் கவுன்டர் சட்டத்தில் வைத்தாள்.

"தினம் அடிச்சேனே. ரெண்டு ரெண்டு தடவ. கைராசி கைராசின்னு… ஸ்டேட்டஸ்ல வேற போட்டு… அதப் பாத்துத்தான வந்தானுங்க?" அவன் சிரிக்க முயன்றான். அது சிரிப்பாக வரவில்லை. "என் கை அவன் கைய ஒடச்சது இதுக்கா?"

மணியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான். திருகு கழலவில்லை. மரத்தோடு பிய்த்து இழுத்தான். உள்ளங்கை கிழிந்தும் நிறுத்தவில்லை. கையோடு வந்த மணியைச் சுவரில் ஓங்கி அடித்தான். அது கடைசியாக ஒரு தடவை ஒலித்து, கோப்பைகளுக்கு அடியில் உருண்டு போனது.

பிறகு, எபி வீசிவிட்டுப் போன மட்டையைத் தேடி எடுத்தான். பிடியிலிருந்த ரப்பரை உரித்தான். புது ரப்பரை மாட்டி, உருட்டி உருட்டி மேலேற்றினான். வாடிக்கையாளர்களுக்காக அவன் ஆயிரம் தடவை செய்த வேலை. இன்றைக்கு யாருக்கும் காட்டாமல் செய்தான்.

"எதுக்குண்ணா அது?"

"வரட்டும் நாளைக்கு. நாப்பது பேரும் வரட்டும்."

"நான் சொல்லிடறேன்ணா. நடந்தத அப்படியே சொல்லிட்டா…"

"நீ யார் கையயோ அறுத்திருக்க. அதுக்கப்புறம் சொன்னா எவன் நம்புவான்? நீ நாளைக்கு அம்மாகூட ஆராதனைக்குப் போ. இந்தப் பக்கமே வராத. என் தம்பிய நான் அடிச்சதுக்கு நான்தான் பாத்துக்கணும்."

அவளைத் தோளில் கை வைத்து வெளியே தள்ளினான். மெதுவாகத்தான் தள்ளினான். ஷட்டர் முழுவதும் இறங்கியது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

"அண்ணா!" அவள் தகரத்தைத் தட்டினாள். "பெரியண்ணா, வீட்டுக்கு வாண்ணா!"

உள்ளே ரப்பர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் பைக்குள் ஸ்டெபினின் ஃபோன் இருந்தது. காலையில் தரையிலிருந்து பொறுக்கியது. ஓரத்தில் விரிசல் விட்டிருந்தாலும் வேலை செய்தது. எபியின் வீடியோ, ஸ்டெபினும் சேர்ந்திருந்த அந்த நாற்பது பேர் குரூப்பில் வந்துவிட்டிருந்தது. அதில் ஸ்டெபின் "நான்தான்" என்று கத்தினான், கத்தினான், யார் திறந்து பார்த்தாலும் மறுபடி கத்தினான். கீழே வரிசையாகச் செய்திகள். நான் வர்றேன். நானும். மறைமலைநகர்லருந்து நாங்க மூணு பேர். வண்டில ராடு இருக்கு.

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் டைரியை வைத்துக்கொண்டாள். எழுத்து ஆடியது. ஆனாலும் வரி கோணவில்லை.

சனி, ஜூலை 12.

இன்று செய்த தவறு: இன்று செய்ததில்லை, இத்தனை வாரமும் செய்தது. எடை பார்த்துப் பிரித்தேன். நேற்று தவறு என்று எழுதியிருக்கிறேனே, லேசான இரண்டைக் கடைத் தட்டில் போட்டது, அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. அதையும் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்த் திருத்திவிட்டேன்.

நாளை செய்ய வேண்டியது: பதினோரு மணிக்கு முன்பே கடைக்குப் போக வேண்டும். பெரியண்ணாவை ஷட்டரைத் திறக்க வைக்க வேண்டும். மட்டையை அவர் கையிலிருந்து வாங்க வேண்டும். தராசை வெளியே படியில் வைத்து, சின்னண்ணாவின் ஃபோனில் லைவ் போட்டு, பிரித்தது நான் என்று சொல்ல வேண்டும். முகத்தை மறைக்கக் கூடாது.